வெள்ளை டாங்கோவில் மறுக்கக் கூடாது

இர்மினாவுக்கு முகம் மறந்துபோகும், முழங்கால் மறக்காது. செஹோசினெக் ஊர் சானடோரியம் ஒன்றில், சேற்று அறையில், கல்யாணமான வருஷத்திலிருந்து அவளுக்கு வேலை. கரிய சதுப்புச் சேற்றைச் சூடாக்கி, வலிக்கிற மூட்டில் அப்பி, துணி சுற்றி, போர்வை போர்த்திப் படுக்க வைக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும், ஆள் போதவில்லை என்று பாதி நாளைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தெருவில் யாராவது தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னால் அவள் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பாள். பார்த்ததும் முகம் மலரும். "அட, போஸ்னான்காரரா! இடது கால் எப்படி இருக்கு?"

மூன்று வார சிகிச்சைக்கு வருகிறவர்கள் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. காலையில் சேற்று அறைக் கட்டிலில் ஏற இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். "ஆண்டவனே, என்னைக் கூட்டிட்டுப் போயிடு" என்று முனகுவார்கள். மாலை ஐந்தானால் அதே ஆட்கள் வாசனைத் தைலம் பூசி, காலணி பளபளக்க, 'தகைவிலான்' உணவகத்தின் வாசலில் நிற்பார்கள். சானடோரியத்தின் கதவை இரவு பத்துக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதால் அங்கே ஆட்டம் ஐந்துக்கே தொடங்கிவிடும். கிடைத்த நேரத்தை வீணாக்க அவர்கள் தயாராக இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஃபெலிட்சியாவைத் தாண்ட வேண்டும். கோட்டு வாங்கி வைக்கும் இடத்தில் மரப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அகலமான பெண், அதைவிட அகலமான குரல். கோட்டின் கழுத்துப் பின்னால் மாட்டுவதற்கு நாடா இல்லை என்றால் வாங்க மாட்டாள்.

"நாடா எங்கே?"

"அது... அறுந்து போச்சும்மா."

"அறுந்தா தைக்கணும். ஊசி நூல் இல்லாத வீடா உங்க வீடு? கையிலயே வெச்சுக்கிட்டு ஆடுங்க."

மந்திரியாக இருந்தாலும் இதே பதில்தான். இந்த ஃபெலிட்சியாதான் இர்மினாவின் உயிர்த்தோழி.

சனிக்கிழமைதோறும் இர்மினா 'தகைவிலான்' போவாள். மேடைக்குப் பக்கத்தில் தூண் ஓரமாக ஒரு சிறிய மேசை அவளுக்கு. எண்ணெயில் ஊறிய ஹெர்ரிங் மீன் ஒரு தட்டு, எலுமிச்சை போட்ட தேநீர் ஒரு கண்ணாடிக் குவளை. மேடையில் அக்கார்டியனோடு நிற்பவன் அவளுடைய கணவன் ஸெனோன். பகலில் பூங்காக்களுக்குத் தண்ணீர் விடும் குழாய்களைப் பழுதுபார்த்தவன், சனிக்கிழமையானால் வெள்ளைச் சட்டையும் சிவப்புக் கழுத்துப்பட்டையுமாக மாறிவிடுவான். குரல் தேன். பாடும்போது கண்ணைப் பாதி மூடிக்கொள்வான். லூப்ளின் விதவைகளுக்கும் கட்டோவிட்சே விதவைகளுக்கும் அந்தப் பாதிக் கண்ணில்தான் மூட்டுவலி பறந்துபோகும்.

ஆட்டக் கூடம் முழுக்க இர்மினா சூடாக்கிக் கொடுத்த முழங்கால்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

காரணம் எளிது. ஒரு பெண்ணை ஆட அழைக்க வேண்டுமானால் அவளோடு வந்த ஆணிடம் தலை குனிந்து அனுமதி கேட்க வேண்டும் என்பது அங்கே மரியாதை. இர்மினாவோடு வந்த ஆண் மேடையில் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருக்கிறான். அவனிடம் எப்படிப் போய்க் கேட்பது? வந்தவர்கள் எல்லாம் அவள் மேசைக்கு இரண்டடி தள்ளி ஒரு சலாம் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். மீனும் தேநீரும் அவளுமாகப் பொழுது போகும்.

ஆடத் தெரியாதவள் என்றால் பரவாயில்லை. இளம் வயதில் சலவைக்கூடப் பெண்களின் விடுதியில் இருந்தபோது ஞாயிறு மாலைகளில் பெண்களே ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். ஆண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இர்மினா உயரம். அதனால் ஆணின் இடம் எப்போதும் அவளுக்குத்தான். வால்ட்ஸ், டாங்கோ, போல்கா எதுவானாலும் எதிரில் இருப்பவளை இடுப்பில் பிடித்து, கூட்டத்துக்குள் ஒரு தோள்கூட இடிக்காமல் இழுத்துக்கொண்டு போவாள். ஜன்னலுக்கு வெளியே குழாய் ரிப்பேர் செய்வதுபோல ஒரு பையன் மணிக்கணக்கில் நின்று பார்ப்பான். உடையாத குழாயை எத்தனை நாள் பழுதுபார்க்க முடியும்? கடைசியில் பெண் கேட்டே வந்துவிட்டான். அவன்தான் ஸெனோன்.

கல்யாணம் இர்மினாவின் கிராமத்தில், தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்தது. முதல் வால்ட்ஸ் புதுமணத் தம்பதிக்கு. இர்மினா ஒரு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் சூப் பரிமாறி முடிவதற்குள், வாசிக்க வந்த அக்கார்டியன்காரர் கிழவர் ஷிமோன் வோட்கா மயக்கத்தில் கோட்டுக் குவியலின்மேல் விழுந்து குறட்டைவிடத் தொடங்கிவிட்டார். விருந்தாளிகள் திகைத்து நிற்க, மாப்பிள்ளையே எழுந்துபோய் அக்கார்டியனை மாட்டிக்கொண்டான். விடியும்வரை வாசித்தான். "மாப்பிள்ளைன்னா இவன்தான்யா!" என்று ஊரே கொண்டாடியது. முதல் வால்ட்ஸை இர்மினா தாய்மாமனோடு ஆடினாள். "கசக்குது, கசக்குது!" என்று விருந்தாளிகள் கத்த, வோட்கா இனிக்க வேண்டுமே என்று தம்பதி முத்தமிட்டுக்கொண்டபோதுகூட இருவருக்கும் நடுவில் அக்கார்டியன் இருந்தது. அது ஒரு பெருமூச்சு விட்டது என்று ஃபெலிட்சியா இன்றுவரை சொல்வாள்.

அன்றைக்குத் தொடங்கியது. எந்தக் கல்யாணம், எந்தப் புத்தாண்டு, எந்தப் பெயர்நாள் விருந்து ஆனாலும் ஸெனோன் வாசிப்பான், இர்மினா உட்கார்ந்திருப்பாள். ஒரே ஒரு பாட்டுக்கு இறங்கி வாயேன் என்றால் பதில் தயாராக இருக்கும்: "அக்கார்டியன் இல்லாத டாங்கோ, உப்பில்லாத முட்டைக்கோஸ். ஜனங்க காசு குடுத்து வந்திருக்காங்க, இர்முஷ்யா."

அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. "அன்னிக்கு நாம எங்கேயாவது போகலாமா?" என்று இர்மினா கேட்டாள்.

"நாமதான் 'தகைவிலான்' போறோமே!" என்றான் ஸெனோன், உண்மையான மகிழ்ச்சியோடு.

அவள் அந்தப் பதிலை ஃபெலிட்சியாவிடம் கொண்டுபோனாள். மதியம், கூட்டம் வருமுன், கோட்டு மாட்டும் வெறும் கொக்கிகளுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஃபெலா, ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு. அவனுக்கு என்கூட ஆடப் பிடிக்கலையோ?"

"பைத்தியமா உனக்கு?"

"ஊர்ல எல்லாப் பொம்பளையும் அவன் பாட்டுக்கு ஆடியாச்சு, என்னைத் தவிர. நான் நெட்டைப் பனை மாதிரி இருக்கேன். அவன் என் காது வரைக்கும்தான். பக்கத்துல நின்னா ஜனங்க சிரிப்பாங்கன்னு நினைக்கிறானோ என்னவோ."

இப்படிச் சொல்லும்போது இர்மினா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கோட்டுக்கு ஈடாகக் கொடுக்கும் எண் வில்லை ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஃபெலிட்சியா அதைக் கவனித்தாள்.

"வெள்ளை டாங்கோன்னு ஒண்ணு இருக்கே, மறந்துட்டியா?" என்றாள்.

வெள்ளை டாங்கோ மாலையில் ஒரே ஒரு முறைதான் வரும். அந்த ஒரு பாட்டுக்குப் பெண்கள்தான் ஆண்களை அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவன் மறுக்கக் கூடாது. போன வருஷம் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், இடுப்பு வலி என்று சொல்லி, ஆசையாக வந்து நின்ற ஒரு பல் மருத்துவரம்மாவை மறுத்துவிட்டார். அதற்குப்பின் அவருடைய மூன்று வாரமும் பாலைவனம்தான். ஒருத்தியும் அவர் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் சேற்று அறையில் இர்மினாகூடச் சேற்றைக் கொஞ்சம் அதிகமாகவே சூடாக்கினாள்.

"மேடையில நிக்கிறவனை யார் கூப்பிடுவா?" என்றாள் இர்மினா.

"ஏன், மேடையில நிக்கிறவன் ஆம்பிளை இல்லையா?"

"இறங்கி வந்தா பாட்டு நின்னுடுமே."

"அதை ரோமெக்கிட்ட கேளு."

ரோமெக், ஸெனோனின் அக்கா மகன். ஐம்பதை நெருங்கியவன். மேடையில் மாமாவுக்குப் பக்கத்தில் மின்சார ஆர்கனில் கையை வைத்துக்கொண்டு நிற்பவன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் இர்மினா அவனுக்காகக் கசகசாச் சுருள் கேக் ஒன்று சுட்டு, சுடச்சுடக் கொண்டுபோனாள். அவன் இரண்டு துண்டு முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"மாமா இல்லாம டாங்கோவா? அத்தை, இந்தப் பெட்டிக்குள்ள எல்லா டாங்கோவும் இருக்கு. அக்கார்டியன் சத்தம்கூட இருக்கு. ஒரு பொத்தானை அமுக்கிட்டு நான் சோகமா முகத்தை வெச்சுக்கிட்டா போதும்."

"இது எத்தனை நாளா இருக்கு?"

"வாங்கினதிலேர்ந்தே இருக்கு. பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். மாமாவுக்கும் தெரியுமே."

இர்மினா மிச்சக் கேக்கை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கோபத்தில் இல்லை. கை எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நோயாளிகள் உப்புக்காற்றை மூச்சிழுப்பதற்காக உப்புநீர் வழியவிடும் முட்கிளைச் சுவர்களை ஒட்டி நடந்து வீடு திரும்பும்போது அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. உப்பில்லாத முட்டைக்கோஸ் எல்லாம் வெறும் பேச்சு. அவன் இறங்கி வந்திருக்கலாம், இறங்கவில்லை. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டியதுதான். இன்றைக்கும் மறுத்தான் என்றால் அந்தத் தூண் ஓரத்து மேசையில் அவள் இனி உட்காரப் போவதில்லை.

அன்று மாலை நீல உடுப்பு போட்டுக்கொண்டாள். குதிகால் உயரமில்லாத காலணி. ஸெனோனின் பக்கத்தில் அவள் எப்போதும் அதைத்தான் போடுவாள்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றான் ஸெனோன் கண்ணாடி முன்னால் நின்று. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "தெரியும், தெரியும். விளையாட்டுக்குக் கேட்டேன்." அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கார்னேஷன் பூங்கொத்தை எடுத்து நீட்டினான். இர்மினா வாங்கியதும் பழக்கதோஷமாகப் பூக்களை எண்ணினாள். ஒற்றைப்படைதான், கல்லறைக்கு வைக்கிற இரட்டைப்படை இல்லை. இந்த மட்டும் கவனமாகத்தான் இருந்திருக்கிறான்.

கூடம் நிறைந்திருந்தது. ஜெல்லியில் உறைந்த பன்றிக்கால் தட்டுகளும் வோட்காக் குப்பிகளும் மேசைக்கு மேசை பறந்தன. பியாவிஸ்தோக்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி ஒருவர், காலையில் இர்மினாவிடம் "இந்தக் கால் இனி எனக்கில்லை, அம்மணி" என்று உயில் எழுதாத குறையாகப் பேசியவர், மூன்றாவது போல்காவில் இருந்தார். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நொண்டினார், மரியாதைக்காக.

ஸெனோன் ஒலிபெருக்கியை வாயருகே இழுத்தான். பாதிக் கண்ணை மூடினான். "அன்புப் பெண்மணிகளே! நீங்க காத்துக்கிட்டிருந்த நேரம். ஆண்களே, ஓடி ஒளியாதீங்க. வெள்ளை டாங்கோ!"

நாற்காலிகள் கரகரத்தன. பெண்கள் எழுந்தார்கள். இர்மினாவும் எழுந்தாள். மீன் எண்ணெய் ஒட்டியிருந்த விரல்களைத் துடைத்தாள். மூன்றே எட்டுதான் மேடைக்கு. ஆனால் அந்த மூன்று எட்டையும் கூடமே பார்த்தது, ஏனென்றால் தூண் ஓரத்து மேசையிலிருந்து யாரும் எழுந்து எவரும் பார்த்ததில்லை.

"ஸெனெக், உன்னை அழைக்கிறேன்."

ஸெனோன் சிரித்தான். தலையை ஆட்டினான். டாங்கோவின் முதல் அடியை இன்னும் சத்தமாக வாசித்தான்.

"காது கேக்காத மாதிரி நடிக்காதே. உன் காதைப் பத்தி எனக்குத் தெரியும்."

"இர்முஷ்யா, வேலை நேரம்மா. ஜனங்க..."

"ஜனங்களைக் கேட்டுடலாமா?"

ஜனங்களைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ரயில் நிலைய அதிகாரி, தன் ஜோடியின் கையை விடாமலே, பிளாட்பாரக் குரலில் முழங்கினார்: "மறுக்கக் கூடாது! விதின்னா விதிதான்!"

"இறங்குங்க, இறங்குங்க!" என்றார்கள் கட்டோவிட்சே விதவைகள். இத்தனை நாளும் அந்தப் பாதிக் கண்ணை நம்பியவர்கள், ஒரு நொடியில் கட்சி மாறிவிட்டார்கள்.

ரோமெக் பொத்தானை அமுக்கினான். அக்கார்டியன் சத்தம் பெட்டியிலிருந்து அழகாகக் கிளம்பியது. அவன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். ஸெனோன் அவனைப் பார்த்த பார்வையில் அந்த ஆர்கன் தீப்பிடித்திருக்க வேண்டும்.

"இதைக் கீழே வைக்க முடியாது. தோல் பட்டை சிக்கிக்கிச்சு," என்றான் ஸெனோன். நெற்றி வியர்த்தது. "எங்கே வைக்கிறது, இடமே இல்லையே..."

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஃபெலிட்சியா வந்தாள். தன் மரப்பலகையை விட்டு அவள் நகர்ந்ததை யாரும் கண்டதில்லை. மேடையில் ஏறி, அக்கார்டியனின் பட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பரிசோதித்தாள்.

"மாட்டுறதுக்கு நாடா இருக்கு. வாங்கிக்கலாம்," என்றாள். பட்டையை அவிழ்த்து, அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் கையில் ஒரு எண் வில்லையைத் திணித்தாள். "தொலைச்சுடாதே. வில்லை இல்லாம திருப்பித் தர மாட்டேன்."

ஸெனோன் இறங்கினான். நெஞ்சின்மேல் அக்கார்டியன் இல்லாமல் அவன் பாதி ஆளாகத் தெரிந்தான். இர்மினா அவன் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி.

முதல் எட்டில் அவள் இடது காலை மிதித்தான். இரண்டாவது எட்டில் வலது காலை. மூன்றாவதில் பக்கத்து ஜோடியை இடித்து, மன்னிப்புக் கேட்கத் திரும்பி, மறுபடியும் இடது கால். குடித்திருக்கிறானோ என்று அவன் மூச்சை மோந்து பார்த்தாள். பெப்பர்மிண்ட் வாசம்தான். குனிந்து பார்த்தாள். அந்த இரண்டு கால்களும், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், புது ஊரில் இறங்கிய பயணிகள்போல நின்றன. முழங்கால்களைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? நோவு ஒன்றும் இல்லை. பயம்.

"ஸெனெக்," என்றாள் மெல்ல. "உனக்கு ஆடத் தெரியாதா?"

"சத்தமாச் சொல்லாதே."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

இன்னும் ஒருமுறை மிதி வாங்கினாள். அப்புறம் ஏதோ நினைவு வந்து நின்றேவிட்டாள்.

"நம்ம கல்யாணத்துல, கிழவர் ஷிமோன்..."

ஸெனோன் கூரையைப் பார்த்தான். "ஊத்திக் குடுத்தது நான்தான்."

"என்ன?"

"சூப்புக்கு முன்னாலேயே ஆரம்பிச்சேன். நல்லாத் தாங்கற மனுஷன் அவர். ரொம்பக் கஷ்டப்பட வேண்டியிருந்துச்சு."

சுற்றிலும் ஜோடிகள் மிதந்துகொண்டிருந்தன. நடுவில் இவர்கள் நட்ட கம்பமாக நின்றார்கள். அழுவதா, அவன் காதைத் திருகுவதா என்று இர்மினாவுக்குத் தெரியவில்லை.

"நாப்பது வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமாடா? நெட்டச்சியோட நிக்க உனக்கு வெக்கம்னு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை கண் முழுசாகத் திறந்திருந்தது. "வெக்கமா? விடுதி ஜன்னல்ல உன்னைப் பார்த்தேன் இர்முஷ்யா. மத்தவங்க எல்லாம் ஆடினாங்க. நீ மட்டும் தரையில படாம போயிக்கிட்டிருந்தே. அப்படி ஆடறவகிட்ட வந்து, எனக்கு ஒரு எட்டுகூட வராதுன்னு எப்படிச் சொல்றது? வாசிச்சா மட்டும்தான் உன் பக்கத்துல நிக்க எனக்குத் தகுதி இருந்துச்சு."

"கழுதை," என்றாள் இர்மினா.

"கழுதைதான்."

"கையை மாத்து."

"எந்தக் கை?"

"ரெண்டும். உன் கை என் தோள்ல. இப்படி. என் கை உன் இடுப்புல. நீ ஒண்ணும் பண்ணாதே. யோசிக்கவும் யோசிக்காதே. உனக்கு வேலையே இல்லை."

விடுதிக்காலத்துப் பிடி அவள் கைக்குத் தானாக வந்தது. ஒரு மூச்சு இழுத்து அவனைத் திருப்பினாள். அவன் திரும்பினான். பின்னால் தள்ளினாள், போனான். கூட்டத்துக்குள் ஒரு தோள்கூட இடிக்காமல், குழாய் ரிப்பேர் செய்கிற பையனை இழுத்துக்கொண்டு அவள் கூடத்தைச் சுற்றிவந்தாள். ஸெனோனின் வாய் பிளந்திருந்தது. ஒரு திருப்பத்தில் சிரிக்கவே சிரித்துவிட்டான்.

"பொம்பளை ஓட்டுறா, பாருங்க!" என்றாள் ஒரு விதவை.

"அது அர்ஜென்டினா முறை," என்றார் ரயில் நிலைய அதிகாரி, எல்லாம் தெரிந்தவராக. அர்ஜென்டினாவை அவர் வரைபடத்தில்கூடச் சரியாகப் பார்த்தவர் இல்லை.

பாட்டு முடிந்தது. கோட்டுகளின் பக்கமிருந்து அந்த அகலமான குரல் கிளம்பியது: "கசக்குது! கசக்குது!" கூடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. கசக்காமல் இருக்க வழி ஒன்றுதான். இர்மினா குனிய வேண்டியிருந்தது. அன்று நடுவில் அக்கார்டியன் இல்லை.

மறுநாள் காலை அவளால் காலணி போட முடியவில்லை. கால்விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. ஸெனோன் சானடோரியத்திலிருந்து ஒரு வாளி சேறு வாங்கிவந்து அடுப்பில் ஏற்றினான். முழங்கையால் சூடு பார்த்தான், அவள் பார்ப்பதைப் போலவே. பிறகு தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக அப்பினான்.

"சூடு போதுமா?"

"இன்னும் கொஞ்சம். உன் காலெல்லாம் நல்லா இருக்குல்ல?"

"என்னை யாரு மிதிச்சா?"

அதன்பின் இர்மினா இருந்தவரை சனிக்கிழமைதோறும் ஒரு வெள்ளை டாங்கோ அவர்களுக்கு உண்டு. ஞாயிறுதோறும் ஒரு வாளி சேறு உண்டு. கடைசிவரை அவன் சரியாகக் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்றுக்கொண்டால் பிடியை விட்டுவிடுவாள் என்று பயந்தான் என்பாள் ஃபெலிட்சியா.

இப்போதும் ஸெனோன் 'தகைவிலான்' மேடையில் வாசிக்கிறான். வெள்ளை டாங்கோ வந்தால் மட்டும் அக்கார்டியனைக் கழற்றி ஃபெலிட்சியாவிடம் கொடுத்து, எண் வில்லையை வாங்கிக்கொண்டு, தூண் ஓரத்து மேசையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். ரோமெக் பொத்தானை அமுக்குகிறான். பெண்கள் எழுந்து ஆண்களை அழைக்கிறார்கள். ஸெனோனை ஒருத்தியும் அழைப்பதில்லை. இர்மினாவின் மேல் உள்ள மரியாதைதான். கால்விரல்களின் மேல் உள்ள அக்கறையும் கொஞ்சம் இருக்கலாம்.